வளைவிலை காலை எடுக்கக் கூடாது

பின்பக்கத்தை இறுக்கினால் முன்பக்கம் நன்றாகத் திரும்புமாம். இதைச் சொன்ன மெக்கானிக்கின் முகத்தை வடிவாகப் பார்த்தேன், பகிடி விடுகிறானோ என்று. இல்லை, ஆள் சிரிக்காமல்தான் நின்றான். என் மனுசியும் பக்கத்தில் நின்று "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். திரும்புகிறது முன் சில்லு. இறுக்குவது பின்னுக்கு. என்ன கோதாரிக் கணக்கு இது?

நான் பாரிஸில், எங்கள் சனம் சாமான் வாங்க வருகிற லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். கார் என்றால் எனக்குச் சாமான் ஏற்றுகிற பெட்டி. அது ஸ்டார்ட் பண்ண வேணும், பொலிஸ் மறிக்காமல் இருக்க வேணும், கடைக்கு முன்னால் நிற்பாட்ட இடம் கிடைக்க வேணும். கடைசியாகச் சொன்னது நடக்கவே நடக்காது. மற்ற இரண்டும் நடந்தால் அது நல்ல கார். இந்த அறிவோடு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

எல்லாம் மனுசியின் வேலையிடத்தால் வந்தது. அவள் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் இழுக்கிற சின்ன ட்ரக்டர் ஓட்டுகிறாள். அதற்காகத்தான் விமான நிலையத்துக்குக் கிட்ட, கூசேன்வில்லில் வீடு எடுத்தோம். வருசக் கடைசியில் அவர்களுடைய கோமித்தே, அதுதான் வேலையிடத்துச் சங்கம், வேலைக்காரருக்குப் பரிசுக் கூப்பன் கொடுக்கும். புத்தியுள்ள சனம் நல்ல சட்டி எடுக்கும், இல்லாவிட்டால் கடற்கரைப் பக்கம் ஹோட்டல் எடுக்கும். இவள் எடுத்தது சிர்க்குயியில் ஒரு நாள். சிர்க்குயி என்றால் பந்தயக் கார்கள் ஓடுகிற, வளைவும் நெளிவுமான தனி ரோட்டு. நாங்கள் எங்களுடைய காரையே கொண்டுபோய், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு பயிற்றுனர் இருக்க ஓடலாமாம். பந்தயமும் இல்லை, ஒருவரையும் வெல்லவும் தேவையில்லை.

"அப்ப ஏன் ஓடுறது?" என்று கேட்டேன்.

"சும்மா," என்றாள்.

பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன வயதில் சும்மாவாம்!

போனவள் பின்னேரம் முகமெல்லாம் சிவந்து வந்தாள். அங்கே ஒரு நீளமான வலப்பக்க வளைவு இருக்கிறதாம். அதன் நடுவில் கார் பம்பரம் மாதிரிச் சுற்றி, பின்பக்கமாகப் புல்லுக்குள் போய் நின்றதாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, காருக்கும் ஒன்றுமில்லை. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். அவள் என்னவென்றால் அடுத்த நாள் எப்ப வைக்கிறார்கள் என்று போனில் தேடிக்கொண்டிருக்கிறாள். பயந்தவள் விட வேண்டியதுதானே? இவளுக்கு அந்த வளைவில் கார் சுற்றாமல் ஓட வேணுமாம். பயிற்றுனர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னால், பிறகு பக்கத்து சீற்றில் ஒருத்தரும் இல்லாமல் தனிய ஓட விடுவார்களாம்.

"எனக்கு அது வேணும்," என்றாள்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து இவள் வாயால் "எனக்கு வேணும்" என்று கேட்டது குறைவு. அதனால் நான் சம்மதித்தேன். விளங்கிச் சம்மதிக்கவில்லை, விளங்காமல்தான்.

அப்போதுதான் மெக்கானிக் வந்தான். எங்கள் வீட்டுக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கிற புதுச்சேரிக்காரத் தம்பி. இப்படியான கார் விளையாட்டில் அவனுக்கும் விசர்.

"அண்ணே, இது முன் சக்கரம் இழுக்குற வண்டி," என்று எனக்கு வகுப்பெடுத்தான். "இழுக்குறதும் அதேதான், திருப்புறதும் அதேதான். வேகமா போய்த் திருப்புனா ரெண்டு வேலைக்கும் பிடி பத்தாது. மூக்கு வெளிய தள்ளிக்கிட்டு நேரா போவும். வுவாலா, அவ்ளோதான்."

இது எனக்கு விளங்கியது. சனிக்கிழமை கடையில் காசு வாங்குகிற ஆளையே மரக்கறி நிறுக்கவும் விட்டால் இரண்டு வேலையும் நாறும்.

"அதனால பின்பக்கத்த இறுக்கணும். இறுக்குனா பின்னாடி கொஞ்சம் வழுக்கும். வழுக்குனா வண்டி தானா திரும்பும்."

இதோடு நான் தொலைந்தேன்.

"வழுக்கிறது நல்லதோ, தம்பி?"

"அளவா வழுக்குனா நல்லது அண்ணே."

"அந்த அளவு எங்கை இருக்குது?"

"ஓட்டுறவங்க கால்ல."

வளைவுக்குள் அக்சலேற்றரை மிதித்துக்கொண்டே போக வேணுமாம். பின்பக்கம் வழுக்குகிறது என்று பயந்து காலை எடுத்தால், பாரமெல்லாம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகிச் சுற்றிவிடுமாம். அந்த நேரத்தில் காலை எடுக்கவும் கூடாது, பிறேக் போடவும் கூடாது, இன்னும் கொஞ்சம் மிதிக்க வேணுமாம். மிதித்தால் முன் சில்லு இழுத்துக் காரை நேராக்குமாம். ஆபத்து வந்தால் மிதிக்கிறதோ? கார் ஓடத் தெரிந்த காலத்திலிருந்து நான் அதற்கு எதிர்மாறாகத்தான் செய்து உயிரோடு இருக்கிறேன்.

"தெரியும் தம்பி," என்றாள் மனுசி. "எல்லாம் தெரியுது. ஆனா அந்த இடத்திலை கால் தன்ரை பாட்டிலை வந்திடுது. ஏனெண்டு விளங்கேல்லை."

கால் சொல்வழி கேட்காவிட்டால் காரையாவது சொல்வழி கேட்கப் பண்ணுவோம் என்று மெக்கானிக் ஒரு வழி சொன்னான். பின் சில்லு இரண்டையும் இணைக்கிற தடித்த இரும்புத் தடி ஒன்று கொண்டுவந்து பூட்டினான். அதை இறுக்கவும் இளக்கவும் முடியும். இறுக்கினால் கார் நன்றாகத் திரும்பும், ஆனால் காலை எடுத்தால் சுற்றும். இளக்கினால் சாதுவாகப் போகும், பிழைவிட்டாலும் மன்னிக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என் மனுசிக்கு ஏற்ற இடம் இருக்கிறது, அதைத் தேடுவோம் என்றான். வீட்டில் இவ்வளவு காலம் நானே தேடிக் காணாத இடம்.

ஞாயிற்றுக்கிழமை காலமைகளில் தேடினோம். கராஜுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாமான் கிடங்கின் முற்றம். ஞாயிறில் அது வெறுமையாக இருக்கும், கிடங்குச் சொந்தக்காரனும் எங்களை ஓட விட்டான். மெக்கானிக் சிவப்புக் கோன்கள் வைப்பான், இவள் சுற்றிச் சுற்றி ஓடுவாள், அவன் கீழே படுத்து எதையாவது திருகுவான். பாரம் குறைய வேணும் என்று பின் சீற்றைக் கழற்றினார்கள். ஸ்பெயார் சில்லை எடுத்து வெளியே வைத்தார்கள். இவள் தன் கைப்பையைக்கூட இறக்கி என் கையில் தந்தாள். ரயருக்குக் காற்றடிக்கிறபோது மெக்கானிக் மீற்றரை அப்படி உற்றுப் பார்ப்பான், ஊசியில் ஒரு மயிரிழை கூடினாலும் திரும்ப இறக்குவான்.

முதலில் தடியை இறுக்கித்தான் ஓடினாள். அம்மாடியோ! கோனைச் சுற்றித் திருப்பின உடனே பின்பக்கம் வாலாட்டியது. கொஞ்சம் இளக்கினான். இன்னும் ஆட்டியது. கடைசி மட்டும் இளக்கி, பின் ரயர்களில் காற்றையும் குறைத்த பிறகு கார் பசு மாதிரி ஆகிவிட்டது. காலை எடுத்தாலும் ஆடவில்லை. மெக்கானிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் குலுக்கினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு, மெக்கானிக் தன் வாகனத்தில் பின்னால் வர, மூன்று பேரும் சிர்க்குயிக்குப் போனோம். நான் அதை முதல்தரம் பார்க்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பெரிய வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்றுனர் பக்கத்தில் இருக்க இவள் வந்தாள். முன் சில்லு வலப்பக்கம் திரும்பியது. கண்ணால் பார்த்தேன், திரும்பித்தான் இருந்தது. கார் திரும்பவில்லை! நேராகப் போய், ரோட்டு விளிம்பில் உள்ள கற்களைத் தொட்டுக்கொண்டு ஏதோ ஒருமாதிரி வளைந்தது. அடுத்த சுற்றும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

ஓடுகிற ரோட்டை விட்டு உள்ளே வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சீற்றிலேயே இருந்தாள். மெக்கானிக் மீற்றரை எடுத்துக்கொண்டு நாலு சில்லையும் சுற்றி வந்தான். காற்று சரி. தடி சரி. முன் சில்லுகளின் சரிவு சரி. ஒன்றும் மாறவில்லை. முற்றத்தில் பசு மாதிரிச் சொல்வழி கேட்ட கார் இங்கே மரக்கட்டை மாதிரிப் போகிறது.

"என்ன மாத்தினீங்கள்?" என்று பயிற்றுனர் பிரெஞ்சில் கேட்டார். தாடி வைத்த, பொறுமையான மனிதர்.

"ஒண்டும் மாத்தேல்லை," என்றாள் இவள்.

எனக்குப் பசி. கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தை எடுக்க டிக்கியைத் திறந்தேன். உள்ளே பார்த்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சாப்பாட்டுப் பை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பிறகும் என்னவோ ஒரு வெறுமை.

"இஞ்சை பாருமப்பா," என்றேன். "அரிசி எங்கை?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

சனிக்கிழமை கடை பூட்டும்போது கூசேன்வில் பக்கத்துச் சொந்தக்காரர், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் உரிய சாமானை எங்கள் காரில்தான் ஏற்றுவேன். ரயிலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார்களோ பாவங்கள்? ஞாயிறு மத்தியானம் வீடு வீடாக இறக்குவேன். அப்படியானால் ஞாயிறு காலமை முற்றத்தில் இவர்கள் தடியை இளக்கின நேரமெல்லாம், டிக்கியில் அரிசி மூட்டைகள். பாரம் குறைக்கப் பின் சீற்றைக் கழற்றினார்களே, அந்த இடம் வசதியாக இருக்கிறது என்று தேங்காய்ச் சாக்கும் வைத்திருந்தேன். மனுசிக்குத் தெரியும். மெக்கானிக்குக்கும் தெரியும், அவனுடைய பொன்னி அரிசியும் அதற்குள்தான் கிடந்தது! ஸ்பெயார் சில்லு பாரம், கைப்பை பாரம். அரிசி பாரம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லா சப்பலிலிருந்து வருகிற காரில் அரிசி இருப்பது, காருக்குக் கதவு இருப்பது மாதிரி.

இவள் பயிற்றுனருக்கு விளங்கப்படுத்தினாள். "அரிசியா?" என்றார். எவ்வளவு என்று கேட்டார். இவள் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, கார் பழுதில்லை, முற்றத்தில் பின்பக்கத்தை ஆட வைத்தது அந்தப் பாரம்தான், வேறொரு காருக்குச் செய்ததை இதற்குச் செய்திருக்கிறீர்கள் என்றார். பிறகும் போகும்போது தனக்குள் "அரிசி" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மெக்கானிக்குக்கு வெட்கம். வேகுவேகென்று தடியைத் திரும்ப இறுக்கி, பின் ரயருக்குக் காற்றும் அடித்தான். மத்தியானத்துக்குப் பிறகு பார்த்தால், என்ன சொல்ல, அதே கார் கத்தி மாதிரித் திரும்பியது. எனக்கே சந்தோசத்தில் ஒரு புளுகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பிரெஞ்சுக்காரனிடம் "என்ரை மனுசி" என்று காட்டினேன். காட்டி முடியவில்லை, அந்தப் பெரிய வளைவின் நடுவில் என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. காலை எடுத்துவிட்டாள். பின்பக்கம் வீசிச் சுற்றிப் புல்லுக்குள் போனது.

பயிற்றுனர் இறங்கி வந்து நேர்மையாகச் சொன்னார். இனிக் காரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிரச்சினை கால். அடுத்த முறையும் அந்த இடத்தில் சுற்றினால் தனிய ஓட விட முடியாது.

வீட்டுக்குப் போகும்போது நான்தான் ஓட்டினேன். எப்போதும் நான்தான். அவளுக்கு லைசன்ஸ் எடுத்துக் கனகாலம், ஆனால் நான் பக்கத்தில் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள். நான் கத்துவேனாம். கத்துகிறதா? நான் சொல்லுவேன். வளைவு வந்தால் "காலை எடும்" என்பேன், முன்னுக்குக் கார் வந்தால் "பிறேக், பிறேக்" என்பேன். கடையில் கதைத்துக் கதைத்துப் பெருத்த குரல், அதற்கு நான் என்ன செய்ய? நல்லதுக்குத்தானே சொல்லுகிறேன்.

"அடுத்த முறையும் சுத்தினால் விட்டிடுவன்," என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "இனி இந்தக் கதையே கதைக்க மாட்டன்."

நான் சந்தோசப்பட்டிருக்க வேணும். படவில்லை. ஏனென்று விளங்காமல் எனக்கே என் மேல் கொதி வந்தது.

அடுத்த முறை போவதற்கு முதல் நாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நீங்கள் என்ரை பக்கத்திலை ஏற வேணும்."

"நானோ? நானேன்?"

"ஏற வேணும். வேறை ஒண்டும் கேக்காதேங்கோ."

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏன் என்னைக் கேட்கிறாள்? நான் பக்கத்தில் இருந்தால் தைரியம் வருமோ? அப்படியானால் இவ்வளவு காலமும் ஏன் ஏற்றவில்லை? இல்லாவிட்டால் என்னைப் பயப்படுத்தப் போகிறாளோ? காலமை மெக்கானிக்கிடம் மெல்லக் கேட்டேன். "முன்பக்கம் கொஞ்சம் எடை கூடுனா நல்லதுதான் அண்ணே," என்று என் வயிற்றைப் பார்த்தான். அறுவான்.

அன்றைக்குக் காலமை பயிற்றுனரோடு ஓடினபோது இவள் சுற்றவில்லை. ஆனால் அந்த வளைவில் மெதுவாகவே போனாள். மெதுவாகப் போனால் யாரும் சுற்றமாட்டார்கள் என்றார் அவர். பிறகு இவள் அவரிடம், இரண்டு சுற்றுக்கு மட்டும் அவருடைய சீற்றில் என்னை ஏற்றலாமோ என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், தான் அந்த வளைவில் நின்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

என் தலையில் ஹெல்மெட்டை வைத்து, நாடியில் பட்டியை அவளே இறுக்கினாள். சீற் பெல்ற்றையும் இழுத்துப் பார்த்தாள். 

முதலாவது வளைவிலேயே என் வலது கால் கீழே இல்லாத பிறேக்கை மிதித்தது. அடுத்ததில் கதவுப் பிடியைப் பிடித்தேன். வாய் எப்போது திறந்தது என்று தெரியாது. "பாத்து! பாத்து! ஐயோ, பாத்து!" ஹெல்மெட்டுக்குள் என் சத்தம் எனக்கே இடித்தது. பிறகு நேர் ரோட்டு. அதன் கடைசியில் அந்தப் பெரிய வலப்பக்க வளைவு. பிறேக் பிடித்தாள், திருப்பினாள், மிதித்தாள். கார் மூக்கை உள்ளுக்குக் கொடுத்தது. அதோடு எனக்குப் பின்னால், முதுகுக்குக் கீழே, ஏதோ ஒன்று வழுக்கத் தொடங்கியது. செத்தோம் என்று நினைத்தேன்.

"காலை எடும்!" என்று கத்தினேன். "காலை எடும் எண்டுறன்! எடுமப்பா!"

அவள் எடுக்கவில்லை. என்ஜின் சத்தம் குறையவில்லை, கூடியது. முன் சில்லு இரண்டும் எங்களைப் பிடித்து இழுக்கிறதை நான் வயிற்றால் உணர்ந்தேன். பின்பக்கம் தானாக வந்து நேரானது. வளைவு முடிந்தது. நான் இன்னும் "எடும், எடும்" என்று கத்திக்கொண்டிருந்தேன். இன்னொரு சுற்று ஓடினாள், திரும்பவும் கத்தினேன், அவள் எடுக்கவில்லை. பயிற்றுனர் வேலிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்துகிறது தெரிந்தது.

உள்ளே வந்து நிற்பாட்டினாள். இரண்டு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினோம். எனக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது.

"நான் கத்தினது உமக்குக் கேட்டதோ?"

"எல்லாம் கேட்டது."

"கேட்டும் ஏன் எடுக்கேல்லை?"

"அதுக்குத்தானே உங்களை ஏத்தினனான்," என்றாள். "நீங்கள் காருக்குள்ளை இல்லாட்டிலும் அந்த வளைவிலை உங்கடை சத்தம் எனக்குக் கேக்கும். கேட்ட உடனை கால் வந்திடும். உண்மையான சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருக்கா மிதிச்சால் சரியாயிடும் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் எடுத்தனான். இனிப் போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. எது முதல் என்று பிரிக்கத் தெரியவில்லை.

பயிற்றுனர் வந்து கண்ணாடிப் பக்கம் குனிந்தார். சரி, இனித் தனிய ஓடலாம் என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இறங்குங்கோ," என்றாள்.

பெல்ற்றின் பூட்டு எனக்குப் பிடிபடவில்லை. அவளே எட்டிக் கழற்றிவிட்டாள். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். அவள் போனாள். நான் வேலிப் பக்கம் ஓடினேன், இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு. கார் நேர் ரோட்டால் வந்து அந்த வளைவுக்குள் திரும்பியபோது, நான் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.